நடவடிக்கை தேவையில்லை

ஜுபைலில் கடலைக் காய்ச்சிக் குடிநீராக்கும் ஆலையில்
அரிப்பைக் கண்டுபிடிப்பது என் வேலை.
பன்னிரண்டு வருடமாய் டார்ச் அடித்துப் பார்க்கிறேன்,
குழாயின் உட்சுவரை, வால்வின் கழுத்தை, போல்ட்டின் மரையை.
கால் மில்லிமீட்டர் தேய்ந்திருந்தாலும்
நோட்டில் ஏறும்,
சிவப்பு மையில்.

ஆவிக்கூடத்து ஏணியில்
கடைசி இரண்டு படி முடிந்துவிட்டதென்று நினைத்துக்
காலை எடுத்து வைத்தேன்.
வலிக்கு முன்னால் சத்தம்தான் வந்தது.

டாக்டர் முஸ்அப், சூடான்காரர்,
எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டினார்.
“இரண்டு ஸ்க்ரூ. மெக்னீசியம்.
எலும்பு கூடியதும் தானே கரைந்துவிடும்.
எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டாம்.”

அந்த வலியிலும் சிரித்துவிட்டேன்.
அந்த ஆளை எனக்குத் தெரியும்.
சூடேறும் குழாய்களில் வெள்ளைப் பொருக்காய் உட்கார்ந்து
வெப்பத்தைத் திருடுகிறவன்.
ஆசிட் விட்டுத் துரத்துவோம்.
மண்ணுக்குள் ஓடும் எஃகுக் குழாய்க்குப் பக்கத்தில்
ஒயரில் கட்டிப் புதைத்தும் வைப்போம்.
அவன் அரிபடுவான், குழாய் நிற்கும்.
எங்கள் பேச்சில் அவன் பெயர் பலித்துண்டு.
அவ்வப்போது தோண்டி, மிச்சத்தை எடைபோட்டு,
எறிந்துவிட்டுப் புதியதைக் கட்டுவேன்.
பழைய இரும்புக்காரன்கூட அதைத் தொடமாட்டான்.

“உப்புத் தண்ணீரில் அது நிற்காதே, டாக்டர்?”
“நீயும் உப்புத் தண்ணீர்தான்” என்றார்.
“நிற்கக் கூடாதென்றுதான் வைக்கிறோம்.
ஆனால் மெதுவாகப் போகணும்.
எலும்பு வருவதற்குள் போய்விட்டால் தப்பு.
வந்த பிறகும் போகாவிட்டால்
அதுவும் தப்பு.”
எத்தனை நாள் என்று கேட்டேன்.
ஒன்றரை வருடம்.
என் இக்காமாவைவிட ஆறு மாதம் அதிகம்.

அறைத்தோழன் சவரிராயனுக்குக்
கெண்டைக்காலுக்கு முன்னால் ஸ்டீல் பிளேட்.
அதை எடுக்க லீவு கேட்டான், கம்பெனி தரவில்லை.
தம்மாம் ஏர்போர்ட்டில் கருவி கத்தும்போதெல்லாம்
பேண்ட்டைச் சுருட்டித் தழும்பைக் காட்டியே
நான்கு முறை ஊர் போய் வந்துவிட்டான்.
“உனக்கு யோகம்டா” என்றான் என்னிடம்.
டிசம்பர் இரவுகளில்
அந்த இடத்தில் மட்டும் போர்வையை மடித்துப் போட்டுக்கொள்வான்.

ஆறாம் வாரப் படத்தில்
ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பாய் ஒரு வளையம்.
வயிறு கலங்கியது.
குழாயில் இப்படி ஒன்றைப் பார்த்தால்
ஆலையை நிறுத்தச் சொல்லிவிடுவேன்.
“வாயுதான்” என்றார் முஸ்அப். “ஹைட்ரஜன்.
கரையும்போது வரும், உடம்பு குடித்துவிடும்.”
அன்று இரவு கணுக்காலைக் காதருகே கொண்டுவரப் பார்த்தேன்.
சவரிராயன் எழுந்து, யோகாவா என்று கேட்டான்.

கரைவதைக் கேட்க முடியவில்லை.
ஏசி இரைந்துகொண்டிருந்தது.

பதினாறாம் மாதம்.
ஸ்க்ரூ இருந்த இடத்தில்
பென்சிலால் போட்டு அழித்ததுபோல் ஒரு கோடு.
இன்னும் கிட்டே போனேன், மூக்கு படத்தில் இடிக்க.
மரை அப்படியே இருந்தது,
சுற்றுக்குச் சுற்று,
எலும்பில்.
என் வாழ்நாளில் இத்தனை சுத்தமான மரையை
எந்த லேத்திலும் பார்த்ததில்லை.
முஸ்அப் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

பேருந்து வரும்வரை வெயிலில் நின்று
நோட்டின் கடைசித் தாளில் எழுதினேன்.
இடம்: வலது கணுக்கால், உட்புறம்.
உலோகம்: மெக்னீசியக் கலவை.
தேய்மானம்: ஏறக்குறைய முழுவதும்.
காரணம்: நான்.
நடவடிக்கை: தேவையில்லை.
சிவப்புப் பேனா சட்டைப்பையில்தான் இருந்தது,
எடுக்கவில்லை.

மறுநாள் ஆவிக்கூடம். அதே ஏணி.
இறங்கும்போது கடைசி இரண்டு படியை
வாய்விட்டு எண்ணினேன்.